முதலில் யார் கதவைத் தட்டுவது?

1960 மே மாதம். மேற்கு வர்ஜீனியாவில் பிரைமரி வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே பாக்கி. கடைசியாக ஒருமுறை தொலைக்காட்சியில் அரை மணி நேரம் மக்களிடம் பேசிவிட வேண்டும் என்று, ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி துடித்தார். பணம் முன்கூட்டியே வந்தால்தான் நேரம் ஒதுக்குவோம் என்று தொலைக்காட்சி நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். பிரசாரக் கணக்கோ காலி. ஹம்ஃப்ரி தன் சொந்தக் காசோலைப் புத்தகத்தை எடுத்து 750 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அது வீட்டு மளிகைக் காசோ, கல்யாணத்துக்கு எடுத்து வைத்த காசோ என்று தோன்றியதாக, அந்தத் தேர்தலைப் பின்தொடர்ந்து எழுதிய பத்திரிகையாளர் தியடோர் ஒயிட் பதிவு செய்திருக்கிறார்.

2023 ஜூலை. வடக்கு டகோட்டா கவர்னர் டக் பர்கம் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தார். தன் மென்பொருள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுப் பெரும் செல்வந்தரானவர். ஆனால் கட்சியின் முதல் விவாத மேடையில் ஏற வேண்டுமானால் குறைந்தது 40,000 பேர் அவருக்கு நன்கொடை கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. பர்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு 1 டாலர் அனுப்புங்கள், உங்களுக்கு 20 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டை அனுப்புகிறேன் என்று அறிவித்தார். ஆட்கள் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கி மேடையில் அவரும் நின்றார். முந்தைய நாள் கூடைப்பந்து ஆடிக் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது; அந்தக் காலோடுதான் நின்றார். டிசம்பர் 4 அன்று போட்டியிலிருந்து விலகினார். அதுவரை எந்த மாநிலத்திலும் ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை.

அன்று ஒருவர் மக்களிடம் பேசுவதற்காகத் தன் கைக்காசைக் கொடுத்தார். இன்று ஒருவர், மக்கள் தனக்குக் காசு கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவதற்காக மக்களுக்கே காசு கொடுத்தார். இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில் 63 ஆண்டுகள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின் முன்னோட்டம் எப்படி மாறியது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு இரண்டு காட்சிகளை நான் அறியேன்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை அந்தக் கட்சியின் வாக்காளர்களே மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் குறியிட்டுத் தேர்ந்தெடுத்தால் அது பிரைமரி. பள்ளிக்கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ அக்கம்பக்கத்தார் ஓர் இரவு கூடி முடிவெடுத்தால் அது காகஸ். இவை தொடங்குவதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே காய்நகர்த்தல் ஆரம்பித்துவிடும். ஆழம் பார்ப்பது, ஆள் சேர்ப்பது, பணம் திரட்டுவது, எதிராளியைக் களத்துக்கு வரவிடாமல் தடுப்பது எல்லாம் அப்போதே நடக்கும். பத்திரிகையாளர் ஆர்தர் ஹாட்லி 1976-இல் எழுதிய புத்தகத்தில் இதற்குக் கண்ணுக்குத் தெரியாத பிரைமரி என்று பெயர் வைத்தார்.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வேட்பாளரின் முன்னாலும் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: முதலில் யார் கதவைத் தட்டுவது? எழுபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் வந்திருக்கின்றன.

மூடிய அறைகளின் காலம்

முதல் பதில்: பெரிய மனிதர்களின் கதவு. மாநகர மேயர்கள், மாநில கவர்னர்கள், கட்சியின் மாவட்டப் புள்ளிகள், தொழிற்சங்கத் தலைவர்கள். கட்சி மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளில் பெரும்பகுதி இவர்கள் சொல்படி நடப்பவர்கள். மக்கள் வாக்களிக்கும் பிரைமரிகள் சில மாநிலங்களில் இருந்தன. ஆனால் முடிவு அங்கே இல்லை. ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் 1952 ஜனவரியில் பிரைமரிகளைக் கண்துடைப்பு என்றே வெளிப்படையாகச் சொன்னார்.

அதே ஆண்டு மார்ச் 11 அன்று நியூ ஹாம்ப்ஷயர் அவருக்குப் பதில் சொன்னது. அந்த மாநிலத்தில் வாக்காளர்கள் ஜனாதிபதி வேட்பாளர்களின் பெயருக்கு நேரடியாக வாக்களித்தது அதுவே முதல்முறை. டென்னசி செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் பனியில் நடந்து, வீடு வீடாகக் கைகுலுக்கி, பதவியிலிருந்த ஜனாதிபதியையே தோற்கடித்தார். அந்த மாதமே ட்ரூமன் மறுபடியும் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். கெஃபாவர் மொத்தம் 12 பிரைமரிகளை வென்றார். கட்டாயம் இவர்தான் வேட்பாளர் என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். சிகாகோ மாநாட்டில் முதல் இரண்டு சுற்றுகளில் அவர்தான் முன்னிலை. மூன்றாவது சுற்றில் கட்சி அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டீவன்சன் எந்தப் பிரைமரியிலும் பிரசாரம் செய்தவரல்ல. கெஃபாவர் முந்தைய ஆண்டுகளில் நடத்திய குற்றக்கும்பல் விசாரணை, சில பெருநகரக் கட்சி நிர்வாகங்களுக்கும் அந்தக் கும்பல்களுக்கும் இருந்த தொடர்பைத் தொலைக்காட்சியில் ஊர் பார்க்க வெளியே கொண்டு வந்திருந்தது. கட்சிப் புள்ளிகள் அதை மறக்கவில்லை. மக்கள் திறந்த கதவை அவர்கள் சாத்தினார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஜான் கென்னடி இந்தப் பாடத்தைப் படித்திருந்தார். 1960 ஜனவரி 2 அன்றுதான் அவர் வேட்பாளராக அறிவித்தார்; தேர்தலுக்கு 311 நாட்கள் இருந்தன. ஆனால் காய்நகர்த்தல் 1956-இலேயே தொடங்கிவிட்டது. உதவியாளர் தியடோர் சோரன்சனோடு மாநிலம் மாநிலமாகச் சென்றார். சந்தித்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிச் சேர்த்தார்கள். 1959 ஏப்ரலில் பாம் பீச்சில் தந்தையின் வீட்டிலும், அக்டோபரில் ஹயானிஸ் போர்ட்டில் தம்பி ராபர்ட்டின் வீட்டிலும் நெருங்கிய ஆட்கள் உட்கார்ந்து எந்த மாநிலத்துக்கு யார் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள்.

கென்னடிக்கு இருந்த பெரிய தடை அவர் கத்தோலிக்கர் என்பது. அதுவரை எந்தக் கத்தோலிக்கரும் ஜனாதிபதி ஆனதில்லை. பென்சில்வேனியா கவர்னர் டேவிட் லாரன்ஸ் தானே கத்தோலிக்கர். இருந்தும் கத்தோலிக்க வேட்பாளர் தோற்றுப்போவார் என்று அஞ்சினார். இப்படிப்பட்டவர்களின் மனதை மாற்ற ஒரே வழி, கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் ஒரு மாநிலத்தில் வென்று காட்டுவது. அந்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா.

சுரங்க வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கரி அப்பிய முகங்களோடு வெளியே வரும் தொழிலாளர்களின் கைகளைக் கென்னடி குலுக்கினார். அவருக்குக் குடும்ப விமானம் இருந்தது; மகள் பெயரால் அதை கரோலின் என்று அழைத்தார்கள். ஹம்ஃப்ரிக்கு இருந்தது வாடகைப் பேருந்து. கிளைகள் கொண்ட பெரிய கடையோடு போட்டியிடும் தனிக்கடைக்காரனைப் போல இருக்கிறது என்று ஹம்ஃப்ரி நொந்துகொண்டார். மருந்துக்கடைக்காரரின் மகன் அவர். அந்த ஒப்பீட்டின் வலி அவருக்கு நன்றாகவே தெரியும். மே 10 அன்று கென்னடி ஏறக்குறைய 61 சதவீத வாக்குகளோடு வென்றார். அன்றிரவே ஹம்ஃப்ரி விலகினார். கென்னடி குடும்பம் பணத்தை வாரி இறைத்தது என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் வாக்காளர்கள் வேட்பாளரைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிப்பவர்களுக்குக் காட்டும் சான்றாக அவர்கள் இருந்தார்கள். கென்னடி சுரங்க வாசலில் நின்றபோதும் அவர் உண்மையில் தட்டிக்கொண்டிருந்தது லாரன்ஸின் கதவை. சிகாகோ மேயர் டேலியின் கதவை.

கதவு உடைந்த ஆண்டு

1968-இல் அந்த ஏற்பாடு வெடித்தது. வியட்நாம் போரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு எதிராக 42 சதவீதம் வாங்கினார். ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார். மார்ச் 31 அன்று ஜான்சன் ஒதுங்கினார். ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு கூடியபோது வேட்பாளரானவர் துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரி. மளிகைக் காசில் காசோலை எழுதிய அதே ஹம்ஃப்ரி. இந்தமுறை அவர் ஒரு பிரைமரியிலும் போட்டியிடவில்லை; கட்சிப் பெரிய மனிதர்கள் அவருக்காகப் பிரதிநிதிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். மண்டபத்துக்கு வெளியே இளைஞர்களின் மண்டைகளைப் போலீஸ் உடைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் போட்ட வாக்குக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு ஜனநாயகக் கட்சியால் பதில் சொல்ல முடியவில்லை. ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய ஆணையம் விதிகளை மாற்றியது. பிரதிநிதிகளைத் தேர்தல் ஆண்டிலேயே, முன்னறிவிப்போடு, பலர் அறியத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரைமரிக்கு மாறின. குடியரசுக் கட்சியும் கூடவே மாறியது.

புதிய விதிகளின்படி, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அவகாசம் வேண்டும். ஐயோவா மாநிலக் கட்சி அலுவலகத்தில் தாள்களைப் பிரதியெடுக்க இருந்தது மெதுவாக ஓடும் ஒரு பழைய இயந்திரம். எல்லாவற்றையும் அச்சிட்டு அனுப்ப நாள் பிடிக்கும் என்பதால் காகஸை ஜனவரிக்கே முன்னகர்த்தினார்கள் என்று அங்குள்ள கட்சிக்காரர்கள் சொல்வார்கள். 1972 ஜனவரி 24 அன்று அது நடந்தது. இப்படித்தான் சோள வயல்களின் மாநிலம் வரிசையின் முதலிடத்துக்கு வந்தது.

சமையலறை மேசையின் காலம்

இந்த மாற்றத்தின் முழு அர்த்தத்தையும் முதலில் புரிந்துகொண்டவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் கவர்னர், நிலக்கடலை விவசாயி. 1974 டிசம்பர் 12 அன்று அவர் வேட்பாளராக அறிவித்தபோது, எந்த ஜிம்மி என்று நாடே கேட்டது. பெரிய மனிதர்கள் யாரும் அவருக்காகக் கதவைத் திறக்கவில்லை. அதனால் அவர் சாதாரண மனிதர்களின் கதவைத் தட்டினார். இரண்டாவது பதில் அது: வாக்காளரின் கதவு, அவர் வீட்டுச் சமையலறை மேசை.

டெ மாய்ன் நகரில் அவர் ஹோட்டலில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சிற்றுண்டியும் ஏற்பாடு செய்திருந்தார். வந்தது மூன்று நான்கு பேர். கார்ட்டரும் உதவியாளர் ஜோடி பாவலும் தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். ஆதரவாளர்கள் வீட்டில் இரவு தங்கினால் காலையில் தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தார். மனைவி ரோசலின் ஒரு தோழியோடு காரில் ஃபுளோரிடாவின் சிற்றூர்களைச் சுற்றினார். எந்த ஊரில் உயரமான வானொலிக் கம்பம் தெரிகிறதோ அங்கே காரைத் திருப்பி, நிலையத்துக்குள் நுழைந்து, என் கணவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார், என்னைப் பேட்டி எடுங்கள் என்பார். என்ன கேட்பது என்று அவர்கள் விழித்தால், கேள்விகளையும் அவரே எழுதி வைத்திருப்பார்.

1976 ஜனவரி 19 அன்று ஐயோவாவில் யாருக்கும் ஆதரவில்லை என்றவர்கள் 37 சதவீதம். கார்ட்டருக்கு ஏறக்குறைய 28 சதவீதம். ஆனாலும் பெயருள்ளவர்களில் அவரே முதல்வர். மறுநாள் காலை அவர் நியூயார்க் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஜார்ஜியாவிலிருந்து வந்த சாதாரண மக்கள், நிலக்கடலைப் படை என்று பெயர் வாங்கியவர்கள், பனியில் வீடு வீடாகப் போய் எங்கள் ஊர்க்காரரை எங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கார்ட்டர் ஜனாதிபதியானார்.

சட்டமும் அவருக்குத் துணை நின்றது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974-இல் வந்த திருத்தம், ஒரு தனிநபர் ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றது. 20 மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் 5,000 டாலரைச் சிறு நன்கொடைகளாகத் திரட்டிக் காட்டியவருக்கு அரசே ஈடுத்தொகை கொடுத்தது. ஒரே பணக்காரரின் நிழலில் ஒதுங்கி ஓடிய காலம் முடிந்தது என்று பலரும் நம்பினார்கள்.

ஐயோவா காகஸ் அன்று எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அந்தக் காலத்தின் மதிப்புப் புரியும். குளிர்காலத்து இரவு ஏழு மணி. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தத்தம் வேட்பாளருக்கென ஆளுக்கொரு மூலையில் போய் நிற்பார்கள். எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் எட்டாத மூலை கலைய வேண்டும். உடனே மற்ற மூலைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள்: எங்கள் பக்கம் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், பால் பண்ணைக்காரர். ஒரு வேட்பாளர் களத்திலிருந்து வெளியேறினால், அவரை நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, வேண்டாம் என்று மனிதர்கள் முடிவு செய்த பிறகு வெளியேறினார்.

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஐயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் பெரும்பாலும் வெள்ளையர் வாழும் மாநிலங்கள். இரவுப் பணிக்குச் செல்பவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் இரண்டு மணி நேரம் மூலையில் நிற்க முடியாது. ஆனாலும் அந்தக் காலத்தில், முதல் தட்டு விழுந்தது வாக்காளரின் கதவில்.

வாக்குக்கு முன்பே முடியும் போட்டி

மாற்றம் மெதுவாகத் தொடங்கியது. தாமதமாக வாக்களித்தால் நம் சொல்லுக்கு மதிப்பில்லை என்று மாநிலங்கள் தேதிகளை முன்னுக்குத் தள்ளின. நியூ ஹாம்ப்ஷயர் எல்லோருக்கும் முந்தியே நடத்துவேன் என்று சட்டமே போட்டது. 1952-இல் மார்ச் 11 ஆக இருந்த அதன் பிரைமரி, 2008-இல் ஜனவரி 8-க்கு வந்து நின்றது. தொடக்கத்தில் ஒரே மூச்சில் பல மாநிலங்கள் வாக்களிப்பதால், ஒரு மாநிலத்தில் வென்று பெயர் வாங்கி, பிறகு பணம் திரட்டி, அடுத்ததுக்குப் போகும் கார்ட்டரின் வழி அடைபட்டது. எல்லா மாநிலத்துக்குமான பணத்தை முன்கூட்டியே மடியில் கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். மூன்றாவது பதில் பிறந்தது: பணம் கொடுப்பவரின் கதவு.

1999-இன் முதல் ஆறு மாதங்களில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் சுமார் 3.6 கோடி டாலர் திரட்டினார். அரசு ஈடுத்தொகையை வாங்கினால் செலவுக்கு உச்சவரம்பு வரும் என்பதால் அதை வேண்டாம் என்றார். அக்டோபரில் எலிசபெத் டோல் பணப்பற்றாக்குறையைச் சொல்லி விலகினார். பெரிய கட்சியொன்றின் களத்தில் முக்கியப் பெண் வேட்பாளராக நின்றவரைப் பற்றி எந்த வாக்காளரும் கருத்துச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

2010-இல் உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பும் அதைத் தொடர்ந்த தீர்ப்பும் சூப்பர் பேக் எனும் அமைப்புகளுக்கு வழி திறந்தன. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுப்பதற்குத்தான் வரம்பு. வேட்பாளரோடு கலந்து செயல்படாத அமைப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் தம்பியும் ஃபுளோரிடாவின் முன்னாள் கவர்னருமான ஜெப் புஷ் இதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதைப் பாருங்கள். 2014 டிசம்பரில் ஆழம் பார்க்கிறேன் என்று அறிவித்தார். 2015 ஜூன் 15 வரை நான் வேட்பாளர் என்று சொல்லவேயில்லை. சொல்லாத அந்த மாதங்களில், அவருக்கு ஆதரவான சூப்பர் பேக்குக்கான நிதிக் கூட்டங்களுக்கு அவரே போய் வந்தார். அவ்வாண்டின் முதல் பாதியில் அது 10 கோடி டாலருக்கு மேல் சேர்த்தது. வேட்பாளர் என்று வாய் திறந்தால் சட்டம் குறுக்கே வரும், திறக்காதவரை வராது.

அதற்கு முந்தைய ஆண்டு, லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதி அதிபர் ஷெல்டன் ஆடல்சன் ஆதரவில் நடந்த கூட்டத்துக்கு ஜெப் புஷ்ஷும் இன்னும் மூன்று கவர்னர்களும் போனார்கள். பத்திரிகைகள் அதை ஷெல்டன் பிரைமரி என்றே அழைத்தன. கென்னடி டேலியின் கதவைத் தட்டியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? டேலி சிகாகோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயர். ஊர் கைவிட்டால் அவருக்குப் பதவி இல்லை. நன்கொடையாளரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரும் இறக்குவதுமில்லை.

பிறகு வந்தது மேடை. 2015-இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் நின்றார்கள். தொலைக்காட்சி நிறுவனம் கருத்துக்கணிப்பில் முதல் 10 பேரை இரவு மேடைக்கும், மிச்சமுள்ளவர்களைப் பார்வையாளர் குறைந்த மாலை மேடைக்கும் பிரித்தது. 2019-இல் ஜனநாயகக் கட்சி 65,000 நன்கொடையாளர்கள் என்று எண்ணிக்கை வைத்தது. பின்னர் அதை 1,30,000 ஆக்கியது, 2,00,000 ஆக்கியது. எளிய மக்களின் ஆதரவை அளக்கத்தான் அந்த விதி. நடந்தது என்னவென்றால், ஐயோவாவின் சிற்றூரில் கைகுலுக்க வேண்டிய நேரத்தில் வேட்பாளர்கள் நாடெங்கும் 1 டாலருக்காக விளம்பரம் செய்தார்கள்.

மேரிலாண்டைச் சேர்ந்த ஜான் டிலேனி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார். தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. ஐயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் போனார். கார்ட்டர் செய்த அத்தனையும் செய்தார். காகஸுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது விலகினார்.

தமிழர்களுக்கு நெருக்கமான பெயரொன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. கமலா ஹாரிஸ் 2019 ஜனவரி 21 அன்று போட்டியை அறிவித்தார். சில நாட்களில் ஓக்லாந்தில் பெருந்திரள் கூடியது. தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தா பி. வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம். அந்த ஊரின் சாஸ்தா கோயிலில் அவருக்காக அர்ச்சனை நடந்த செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்த முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. 2019 டிசம்பர் 3 அன்று அவர் விலகினார். தான் கோடீஸ்வரர் அல்ல, பிரசாரத்தைத் தொடரப் பணம் இல்லை என்றார். நிர்வாகக் குளறுபடிகளும் இருந்தன. எப்படியானாலும், ஓக்லாந்தில் திரண்ட மக்களும் ஐயோவாவின் பள்ளிக்கூடங்களும் தீர்ப்புச் சொல்லும் முன்பே அவர் களத்தில் இல்லை.

வீட்டுக்கு வீடு போவதன் பலனும் குறைந்துவிட்டது. 2023-இல் ஃபுளோரிடா கவர்னர் ரான் டிசாண்டிஸ் ஐயோவாவின் 99 கவுண்டிகளையும் சுற்றி முடித்தார். வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் வளர்ந்த விவேக் ராமசாமி இரண்டு முறை சுற்றினார். இருவரையும்விட மிகக் குறைவாக அங்கே வந்த டொனால்ட் டிரம்ப், கட்சியின் விவாத மேடை எதிலும் ஏறாமலேயே, 2024 ஜனவரி 15 அன்று 51 சதவீதம் வாங்கினார். அவர் 2022 நவம்பர் 15 அன்று, தேர்தலுக்கு 721 நாட்கள் முன்பு அறிவித்தவர். கைபேசித் திரையும் ஏற்கெனவே ஊன்றிய விசுவாசமும் சமையலறை மேசையைத் தாண்டிப் போய்விட்டன.

பெற்றதும் இழந்ததும்

பழைய காலம் பொற்காலம் என்று நான் எழுத வரவில்லை. கெஃபாவருக்குச் சாத்திய கதவை இன்று யாரும் அப்படிச் சாத்த முடியாது. 2007 பிப்ரவரி 10 அன்று உறையும் குளிரில் ஸ்பிரிங்ஃபீல்டில் அறிவித்த பராக் ஒபாமாவைக் கட்சியின் மூத்தவர்களில் பலர் பொருட்படுத்தவில்லை. இணையம் வழியே வந்த சிறு நன்கொடைகள் அவரை நிறுத்தி வைத்தன. வெள்ளையர் மிகுந்த ஐயோவாவில் 2008 ஜனவரி 3 அன்று அவர் வென்றது, கத்தோலிக்கர் குறைந்த மேற்கு வர்ஜீனியாவில் கென்னடி வென்றதற்கு ஈடானது. முடியுமா என்று தயங்கியவர்களுக்கு முடியும் என்று வாக்காளர்கள் காட்டினார்கள். 2016-இல் பெர்னி சாண்டர்ஸின் சராசரி நன்கொடை 27 டாலர். அதை வைத்தே அவர் கடைசிவரை நின்றார்.

பணம் வெற்றியை வாங்கிவிடும் என்பதும் உண்மையல்ல. 10 கோடி டாலர் துணையிருந்த ஜெப் புஷ் மூன்று மாநிலங்களோடு ஒதுங்கினார். மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் இறங்கி 100 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, வென்றது அமெரிக்க சமோவா என்ற ஒரே ஒரு தீவுப் பகுதியை. வாக்காளர் முன்னால் நிற்கும் நிலை வந்துவிட்டால், மனிதர்கள் பணத்தைத் தாண்டி யோசிக்கிறார்கள். அந்த நிலை வரை யார் வந்து சேர்கிறார் என்பதைத்தான் பணம் தீர்மானிக்கிறது.

என் கவலையெல்லாம் இங்கேதான். யாருடைய கதவை முதலில் தட்டுகிறோமோ அவருடைய கவலையே முதலில் காதில் விழுகிறது. சுரங்க வாசலில் நின்ற கென்னடிக்குப் பசியைப் பற்றிச் சொன்னார்கள். ஜனாதிபதியானதும் அவர் பிறப்பித்த முதல் ஆணை, ஏழைக் குடும்பங்களுக்கான உணவுப் பங்கீட்டை விரிவாக்கியது. பரிசு அட்டைக்காக 1 டாலர் அனுப்பியவர் பர்கமிடம் என்ன சொல்லியிருக்க முடியும்?

2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் விலக, கமலா ஹாரிஸ் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். 56 ஆண்டுகளுக்கு முன் ஹம்ஃப்ரிக்கு நேர்ந்தது அப்படியே திரும்பியது. பதவியிலிருந்த ஜனாதிபதி பாதியில் ஒதுங்குகிறார், துணை ஜனாதிபதி தன் பெயரில் எந்தப் பிரைமரியிலும் நிற்காமல் வேட்பாளராகிறார், மாநாடு சிகாகோவில் கூடுகிறது, நவம்பரில் தோல்வி. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை, நாட்களும் இல்லை. ஆனால் 2019 டிசம்பரில் இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்து அந்தப் பள்ளிக்கூட மூலைகளில் தோற்றிருந்தால்கூட, எங்கே பிழை என்று மக்களே அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாடத்தைப் பணப்பற்றாக்குறை அவரிடமிருந்து பறித்துவிட்டது.

செய்யக் கூடியவை உண்டு. தொடக்க விவாத மேடைகளில் நன்கொடையாளர் எண்ணிக்கையைத் தகுதியாக வைக்காமலிருக்கலாம். வேட்பாளர் என்று அறிவிக்காமல் கோடிகளைத் திரட்டும் ஓட்டையை அடைக்கலாம். 1976-இல் கார்ட்டரைத் தூக்கிவிட்ட அரசு ஈடுத்தொகையை இன்றைய செலவுக்கு ஏற்பத் திருத்தி மீட்கலாம்.

நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில் டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு சிற்றூர். 1960 முதல் அங்கே தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே வாக்களித்து, உடனே எண்ணியும் விடுவார்கள். 2024 ஜனவரி 23 பிறந்த நிமிடத்தில் அங்கே வாக்களித்தவர்கள் ஆறே பேர். ஆறு வாக்கும், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு விழுந்தன. அவர்கள் கையிலிருந்த குடியரசுக் கட்சிச் சீட்டில் டிசாண்டிஸ் பெயர் இருந்தது. அவர் இரண்டு நாட்களுக்கு முன் விலகியிருந்தார். ராமசாமி பெயர் இருந்தது. எட்டு நாட்களுக்கு முன் விலகியிருந்தார். கிறிஸ் கிறிஸ்டி பெயர் இருந்தது. ஐயோவா வாக்களிக்கும் முன்பே போய்விட்டார். மைக் பென்ஸும் டிம் ஸ்காட்டும் அதற்கும் முன்பே. சீட்டில் 24 பெயர்கள். களத்தில் எஞ்சிய பெரிய பெயர்கள் இரண்டு.

அந்த ஆறு பேரும் தூங்காமல் விழித்திருந்து வந்தவர்கள். நள்ளிரவில் வெளிச்சத்துக்கு அடியில் நின்று, சீட்டை விரித்து, ஒவ்வொரு பெயராகப் படித்தவர்கள். வேண்டாம் என்று சொல்லும் முதல் உரிமை அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.